சளி பிடிக்காத வீடு

டாக்டர் அமலோற்பவத்துக்குச் சளி பிடித்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

கேட்பவர்களுக்குப் பொறாமைதான் வரும். மழைக்காலத்தில் ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டும் திரியும்போது ஒருத்தி மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தால் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். அமலோற்பவமும் முதல் இரண்டு வருடங்கள் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாவது வருடம் ஒரு நாள், தும்மினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சரியாக ஞாபகம் வரவில்லை. தும்மிப் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டுக் காற்றில் தூசி கிடையாது.

அந்த வீடு கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த குழந்தைகள் ரத்தநோய் ஆராய்ச்சி மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. ஒரு படுக்கையறை, அதை ஒட்டி ஒரு சின்ன ஆய்வகம். உள்ளே வரும் காற்று மூன்று முறை வடிகட்டப்பட்டு வந்தது. சாப்பாடு இரண்டு முறை சூடாக்கப்பட்டு, இரட்டைக் கதவு வைத்த பெட்டி வழியாக வந்தது. செய்தித்தாளைக் கூட நீல விளக்கில் காட்டித்தான் கொடுப்பார்கள். அது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று கைக்கு வரும். வீட்டின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கனமான கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மருத்துவமனையின் தாழ்வாரம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தொலைபேசி தொங்கும். நர்ஸுகள் அதைக் கண்ணாடி வீடு என்றார்கள். வார்டுப் பிள்ளைகள் அவளுக்கு 'மீன்தொட்டி டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவள் நோயாளி இல்லை. ஆனால் அவளுடைய ரத்தம் மாதிரி இன்னொரு ரத்தம் யாரிடமும் கிடைக்கவில்லை. அதுதான் சங்கடம்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு, கெட்டுப்போன மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொருவருடைய குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களைச் செலுத்தினால் பிழைத்துக்கொள்ளும். அந்த வேறொருவர் பொருந்த வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பொருந்தினால் அதிர்ஷ்டம். பல குழந்தைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. யாருடைய அணுவையும் யாருக்கும் பொருந்தும்படி திருத்த முடியுமா என்பதுதான் அமலோற்பவம் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. எத்தனையோ பேருடைய அணுக்களைத் திருத்திப் பார்த்தாள். எல்லாம் சில வாரங்களில் சுருண்டு செத்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பக்கத்தில் இருக்கட்டுமே என்று அவள் வைத்திருந்த தன்னுடைய அணுக்கள் மட்டும் பிழைத்தன. ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

முதல் குழந்தைக்குக் கொடுத்தபோது அவள் ஊருக்குள் அக்கா மரியசெல்வியின் வீட்டு மாடியில் இருந்தாள். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி ஜெனோவா பள்ளிவிட்டு வந்ததும் நேரே மாடியேறி வருவாள். கையில் ஒரே ஒரு கடலை மிட்டாய் இருக்கும். சட்டை நுனியை இழுத்து அதன்மேல் மூடி, பல்லால் கடித்து, காக்காக்கடியில் பாதியைச் சித்திக்குக் கொடுப்பாள். துணி வழியாகக் கடித்தால் எச்சில் இல்லை என்பது பிள்ளைகளின் சட்டம். சட்டையே ஊறிப்போயிருக்கும், அது வேறு விஷயம். அமலோற்பவம் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்பாள்.

நாலைந்து குழந்தைகள் பிழைத்து, காத்திருப்பவர்கள் கூட்டம் பெருகியபோதுதான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. டவுன் பஸ்ஸில் வருகிறாளே, மஞ்சள் காமாலை வந்தால்? காசம் ஒட்டிக்கொண்டால்? அவள் படுத்துவிட்டால் இத்தனை பிள்ளைகளுக்கும் யார் கொடுப்பது? மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் நவநீதன், அவளோடு ஒன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். ஒரு ரெண்டு வருஷம் இருங்க அமலா, இன்னொருத்தரைக் கண்டுபிடிச்சிடலாம் என்றார். அவளும் சரி என்றாள். அப்படித்தான் உள்ளே போனாள்.

உள்ளே இருந்த வருடங்களில் அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. கொடையாளி யார் என்று பெற்றோருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. குணமாகி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குழந்தையும் கண்ணாடி முன்னால் வந்து உள்ளங்கையை வைக்கும். அவள் இந்தப் பக்கம் தன் உள்ளங்கையை வைப்பாள். அந்தக் கைக்குள் ஓடுவது தன் ரத்தம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். என் பிள்ளைகள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லாத நாளும் இல்லை.

இந்த ஐப்பசி மழையோடு ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. பெரிய நோயில்லை. மற்ற பிள்ளைகள் மூன்று நாள் படுத்து, நாலாம் நாள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். போன வருடம் மஜ்ஜை மாற்றிய கபிலன் என்ற நாலு வயதுப் பையன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவனைப் புதைத்த அடுத்த வாரம் சுடர்விழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழு வயது. மஜ்ஜை மாற்றி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

சுடர்விழியின் அம்மா இசக்கியம்மாள் தாழ்வாரத்தில் வந்து தொலைபேசியை எடுத்தாள்.

"டாக்டரம்மா, பெரிய டாக்டரு வாயத் தொறக்க மாட்டேங்காவ. நீங்களாவது சொல்லுங்க. நல்லா ஆயிட்டுன்னு சொல்லித்தான அனுப்புனீய?"

"கேன்சர் திரும்ப வரலைம்மா. அதுல ஒரு குறையும் இல்லை."

"அப்பொறம் ஏன் ஒரு காய்ச்சலுக்கு இப்பிடிக் கெடக்கா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அது தெருவுல ஓடுது. எம்பிள்ளைக்குக் குடுத்த ரத்தத்துல என்ன கோளாறு?"

யாருடைய ரத்தம் என்று தெரியாமலே அந்த அம்மாள் அதைக் கொடுத்தவளிடமே கேட்டாள்.

"பாக்கேன்மா" என்று மட்டும் அமலோற்பவம் சொன்னாள். அக்கா வீட்டுப் பேச்சு அவளை அறியாமல் வாயில் வந்திருந்தது.

இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே இருந்த ஒற்றைக் கட்டிலையும் ஒற்றை நாற்காலியையும் பார்த்தாள். "நீங்களும் உள்ளயே கெடக்கீய. ஒங்களுக்கும் இதே நோயா?"

"இல்லம்மா. எனக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

"வந்து பாக்க ஆள் உண்டா?"

"அக்கா இருக்காங்க. ஃபோன் பண்ணுவாங்க."

"பாவம்" என்றாள் இசக்கியம்மாள். சொல்லிவிட்டுத் தன் பிள்ளை இருந்த அறைக்குத் திரும்பிப் போனாள். ஆறுதல் தேடி வந்தவள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனதில் அமலோற்பவத்துக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முழுக்க அவள் தொலைபேசியில் இருந்தாள். தன் அணுக்களைப் பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டு, காய்ச்சல் வந்ததா, எத்தனை நாள் இருந்தது என்று கேட்டாள். முதல் குழந்தை பொன்மாரியைக் கூப்பிட்டபோது பின்னால் ஹாரன் சத்தமும் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவதும் கேட்டது. ஒன்பது வயதில் வழுக்கைத் தலையோடு வார்டில் கிடந்த பொன்மாரி இப்போது கோவில்பட்டி மினிபஸ் ஒன்றில் கண்டக்டர்.

"காய்ச்சலா? வந்துச்சே. போன வாரம். ஒரு நா லீவு போட்டேன் டாக்டரம்மா. மறுநா வண்டிக்கு வந்துட்டேன். ஏன், என்ன விசயம்? ஏய், படியில நிக்காத, உள்ள வா."

மாலைக்குள் கணக்கு தெளிவாகிவிட்டது. ஆரம்பத்தில் வாங்கிய பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒரு நாளைக்கு மேல் நிற்கவில்லை. நடுவில் வாங்கியவர்கள் ஒரு வாரம் படுத்து எழுந்தார்கள். கடைசி இரண்டு வருடங்களில் வாங்கியவர்கள்தான் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மஜ்ஜை மாற்றி நாளானவர்களுக்கு உடம்பு தேறியிருக்கும், அதனால் இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வருடமும் அவளிடம் எடுத்ததில் ஒரு சொட்டு உறைபெட்டியில் இருந்தது. அவற்றை உருக்கி, ஒவ்வொன்றிலும் காய்ச்சல் கிருமியை விட்டாள்.

முதல் வருடத்து ரத்தம் கிருமியைப் பார்த்ததும் பாய்ந்து மொய்த்தது. இந்த வருடத்து ரத்தம், விருந்தாளி யாரோ வந்திருக்கிறார் என்பதுபோல் சும்மா இருந்தது. இரண்டும் அவளுடைய ரத்தம்தான். அமலோற்பவம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

மறுநாள் காலை நவநீதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் அவள். "ரத்தத்துக்கு ஞாபகம் உண்டு நவநீதன். நாம ஸ்டெம் செல் குடுக்கும்போது, ஏற்கனவே நோய் பார்த்துப் பழகின அணுக்களும் கொஞ்சம் கூடவே போகுது. அதுதான் அந்தக் குழந்தையோட புது ரத்தத்துக்கு வாத்தியார். எது எதிரி, எப்படி அடிக்கணும்னு அதுதான் சொல்லிக் குடுக்கும்."

"சரி. அது எல்லாருக்கும்தானே போகுது?"

"பொன்மாரிக்குக் குடுத்தப்ப நான் அக்கா வீட்டுல இருந்தேன். மூணு பிள்ளைங்களும் மாத்தி மாத்தி என்மேல தும்மும். பஸ்ல நாலு பேர் இருமுவாங்க. மாசம் ஒரு சளி, ரெண்டு மாசத்துக்கு ஒரு காய்ச்சல். இப்ப வந்திருக்கிறதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியையெல்லாம் என் ரத்தம் அப்பவே பாத்திருக்கு. அதான் அவளுக்கு ஒரு நாள் லீவோட போச்சு."

நவநீதனுக்குப் புரிய ஆரம்பித்தது. அவர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இங்க வந்த பிறகு நான் ஒண்ணையும் பாக்கலை" என்றாள் அவள். "புதுசா எதுவும் கத்துக்கலை. பாக்காம இருந்து இருந்து பழசும் மறந்துபோச்சு. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோன ரத்தத்தைத்தான் பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கோம். நான் தனியா இருந்தேனே, அது என்னோட போகலை. அவங்களுக்கும் போயிருக்கு."

"அமலா, சுத்தமா இருக்கணும்னுதானே..."

"சுத்தமாத்தான் இருந்தேன். கபிலன் செத்துட்டான்."

அந்த வீட்டைக் கட்டச் சொன்னவர் அவர். உள்ளே போகச் சம்மதித்தவள் அவள். யாரை யார் குறை சொல்வது?

"சுடர்விழியை விட்டுடக் கூடாது" என்றாள் அவள். "பொன்மாரியைக் கூப்பிடுங்க. இந்தக் காய்ச்சலை ஜெயிச்ச அணுக்களை அவகிட்ட எடுத்து இவளுக்குக் குடுப்போம். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம். அந்நியம்னு தள்ளாது."

பொன்மாரி காக்கிச் சட்டையோடு, தோளில் பணப்பையோடு வந்தாள். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு என்றதும் கையை நீட்டினாள். கொடுத்து முடித்து, பஞ்சை வைத்து மடித்த முழங்கையோடு கண்ணாடிக்கு முன்னால் வந்து உள்ளங்கையை வைத்தாள். பரிசோதனைக்கு வந்துபோன நாட்களின் பழைய பழக்கம். அமலோற்பவமும் வைத்தாள். அந்தக் கை இப்போது அவள் கையைவிடப் பெரிதாக இருந்தது.

"டாக்டரம்மா, நானும் சின்னதுல இருந்து கேக்கணும்னு நெனப்பேன். ஒங்களுக்கும் என்னைய மாதிரி மஜ்ஜை மாத்துனாங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"எனக்குச் செரியாகிருச்சு, ஒங்களுக்குத்தான் இன்னும் ஆகல போல." பொன்மாரி பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்தாள். "கூட ஒண்ணு இருக்கு, குடுக்கலாம்னு பாத்தா வழியே இல்லயே."

"அந்தப் பெட்டியில வெச்சா வெந்து பாகாயிடும். நீயே சாப்பிடு."

பொன்மாரி அங்கேயே நின்று கடித்துத் தின்றாள். ரத்தம் கொடுத்தவளுக்குப் பசிக்கும்தான். கண்ணாடிக்குள் இருந்து அமலோற்பவம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாக்கில் வெல்லம் ஊறியது.

பொன்மாரியின் அணுக்கள் சுடர்விழியின் உடம்பில் எந்தத் தகராறும் இல்லாமல் கலந்தன. இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ச்சல் இறங்கியது. ஒரு காலை அவள் கண்ணைத் திறந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி வேண்டாம், வீட்டு மோர்ச்சோறு வேண்டும் என்று அழுதாள். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று இசக்கியம்மாள் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரக் கடைசியில் நவநீதன் மறுபடி கண்ணாடிக்கு வந்தார். கொஞ்சம் தெளிந்திருந்தார்.

"ஒரு வழி யோசிச்சிருக்கேன் அமலா. நீங்க இங்கேயே பத்திரமா இருங்க. ஸ்டெம் செல் உங்ககிட்ட எடுப்போம். வாத்தியார் அணுக்களுக்குப் பொன்மாரியை வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கலாம்னா?"

"பஸ்ஸுல எது வரும் எது வராதுன்னு நம்பி இருக்க முடியாது. காமாலை வந்தா அவகிட்டயும் எடுக்க முடியாது. அவளுக்கும் இந்த வளாகத்துல ஒரு வீடு கட்டுவோம். என்னென்ன கிருமி தேவையோ அதை மட்டும் அளவா நாமளே குடுப்போம். காய்ச்சல் வரும், ரெண்டு நாள் படுப்பா, எழுந்திருப்பா. அப்புறம் எடுத்துக்கலாம். நல்ல சம்பளம் போட்டுத் தரலாம். பஸ்ஸுல நின்னு கால் வலிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. காத்திருக்கும் குழந்தைகளின் பெயர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் அவர் சொன்னது அத்தனை நியாயமாகக் கேட்டது.

"கேட்டீங்களா அவகிட்ட?"

"இன்னும் இல்லை. ஆனா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா."

"தெரியும். நானும் சொல்லலை." அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "எனக்கு நாற்பத்தி ரெண்டு வயசு அப்ப. ரெண்டு வருஷம்னு சொன்னீங்க. அவளுக்கு இப்பதான் இருபது. அவகிட்ட எத்தனை வருஷம்னு சொல்லுவீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"நான் வெளியே வரேன்."

நவநீதன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"உங்க ரத்தம் எல்லாத்தையும் மறந்துட்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கபிலனைக் கொன்ன காய்ச்சல் உங்களையும் கொல்லலாம்."

"கொல்லலாம். அவனுக்கு நாலு வயசு, மஜ்ஜை மாத்தின உடம்பு. எனக்குத் தாங்கும்னு நினைக்கிறேன். பயமாத்தான் இருக்கு."

"தடுப்பூசி எல்லாம் போட்டுட்டு உள்ளேயே..."

"பேர் தெரிஞ்ச நோய்க்குத்தான் ஊசி இருக்கு. பேரில்லாத சில்லறைச் சளி எத்தனை இருக்கு, அதுக்கெல்லாம் மனுஷங்க வேணும். நான் எல்லாரையும் மாதிரி இருந்துகிட்டுதான் இனிமே குடுப்பேன். எடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா சோதிச்சு எடுங்க. அதோட, இன்னொரு ஆளைத் தேடறதை எப்ப நிறுத்தினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நான் பத்திரமா உள்ளே இருந்ததாலதானே நிறுத்தினீங்க? பொன்மாரிகிட்ட இதைப் பேசாதீங்க. பேசினா உங்களுக்கு ரெண்டு பேருமே இல்லை."

அவள் அவரிடம் இப்படிப் பேசியதே கிடையாது. அவர் தலைகுனிந்து நின்றார். கடைசியில் சரி என்றார்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது மழை பெய்த கரிசல் மண்ணின் வாடை. அமலோற்பவம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காற்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மாதிரி வந்தது. அதற்கே உடம்பு நடுங்கியது.

அக்கா மரியசெல்வி ஆட்டோ வைத்து அழைத்துப் போனாள். ஆட்டோவில் அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையைப் பின்னால் தனியாக உட்கார வைத்தாள். தன் முகத்தில் இரண்டு முகக்கவசம் போட்டிருந்தாள். வீடு முழுக்கப் பினாயில் நெடி. மாடி அறையை வெள்ளையடித்து, புதுத் தட்டு, புது டம்ளர், புதுப் பாய் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள்.

"பிள்ளைங்க எங்கக்கா?"

"மூத்தவங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல. ஜெனோவா காலேஜ் லீவுக்கு வந்திருந்தா. அவளுக்கு லேசா சளி. அதான் ஒன்னைப் பாக்கணும்னு குதிச்சவள, வேணாம்டின்னு திரும்ப ஹாஸ்டலுக்கே அனுப்பிட்டேன். ஒனக்கு ஒட்டிக்கிட்டா என்ன ஆகுறது?"

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். அக்கா பதறிப்போய் எழுந்தாள், கட்டிக்கொள்ள இரண்டடி வந்தாள், பிறகு ஞாபகம் வந்து அங்கேயே நின்றுகொண்டாள். ஒன்பது வருடங்களாகத் தங்கைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றியவள். அவளிடம் போய், எனக்குச் சளி வேண்டும் அக்கா என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தாள். உடம்பு சரியில்லாததால் ஏதோ பேசுகிறாள் என்று அக்கா சுக்குக்காபி போட்டு, மாடிப்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அந்த வீட்டில் இருந்த நாட்களில் யாரும் அவளுக்குக் கிட்டே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவள்மேல் அவ்வளவு அக்கறை. கண்ணாடி மட்டும்தான் இல்லை. யார் உடம்பிலாவது லேசாகப் படும்படி உட்கார்ந்திருந்தால் போதும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கவா முடியும்?

ஒரு மதியம் அக்கா மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். பொன்மாரியின் மினிபஸ் கழுகுமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புறப்பட நின்றுகொண்டிருந்தது.

"டாக்டரம்மா?" பொன்மாரி படியிலிருந்து குதித்து இறங்கினாள். குரல் கட்டியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. "வெளிய வந்துட்டீங்களா? செரியாயிருச்சா? ஐயய்யோ, கிட்ட வராதீங்க. எனக்கு நேத்துல இருந்து சளி. அந்தா டிரைவர் அண்ணனுக்குப் பின்னால சன்னல் சீட்டு இருக்கு, அங்கிட்டு உக்காருங்க, காத்து வரும்."

அமலோற்பவம் சன்னல் சீட்டுக்குப் போகவில்லை. படிக்கு எதிரே, கண்டக்டர் வந்து சாய்ந்துகொள்ளும் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறினார்கள். ஒரு பெரியம்மா பழக்கூடையை அவள் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாக வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி, பைகளை அவள்மேல் போட்டு, தோளில் சாய்ந்து, காதுக்குள் கத்தினார்கள். ஒருத்தி அவள் கழுத்துப் பக்கம் இருமினாள். யாருக்கும் அவள் யார் என்று தெரியவில்லை. வியர்வையும் எண்ணெயும் நனைந்த சீருடையும் சேர்ந்த அந்த வாடையில் அவளுக்குத் தலை சுற்றியது. பயம் இல்லாமல் இல்லை. இந்த இருமல் எதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் அவள் நகரவில்லை.

கடைசி ஊரில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். பொன்மாரி பக்கத்து சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டாள். ஒரே ஒரு கடலை மிட்டாய் இருந்தது.

"அன்னைக்குக் குடுக்க முடியல. இன்னைக்குப் பாத்தா ஒண்ணுதான் கெடக்கு." அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருங்க, பாதி தாரேன்."

காக்கிச் சட்டையின் நுனியை இழுத்து மிட்டாயின்மேல் மூடினாள். பல்லால் கடிக்க வாய்க்குக் கொண்டுபோனாள்.

அந்தப் பெண்ணுக்குள் ஓடுவது தன்னிடமிருந்து போன ரத்தம். பதினோரு வருடங்கள் இந்தப் பஸ்ஸிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அலைந்து, ஊரில் உள்ள அத்தனை சளியையும் பார்த்துவிட்ட ரத்தம். அமலோற்பவம் கையை நீட்டிப் பொன்மாரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது. ஒரு மனிதக் கையைக் கையுறை இல்லாமல் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று.

"என்ன டாக்டரம்மா?"

"துணி வேணாம் பொன்மாரி. அப்படியே கடிச்சுக் குடு."